ஒத்தைக் கையால் திறக்கிற பை

"ஒத்தைக் கையால திறக்கிற மாதிரிப் பாத்து வாங்குங்க" என்று மங்கை சொன்னது ஆவுடையப்பனுக்குக் காலையிலிருந்து தொண்டையில் மீன் முள்ளாக நின்றுகொண்டிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவள் ஒன்றும் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிட்டு வாங்க என்கிற அதே குரலில்தான் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னதுதான் வம்பாகிப் போனது. பார்த்துச் சொல்லியிருந்தால் பெண்டாட்டி முகத்தில் என்ன இருந்தது என்று படித்திருக்கலாம். இப்போது முதுகையல்லவா படிக்கவேண்டியிருக்கிறது, முதுகில் என்ன எழுதியிருக்கும். நாளைக்குப் புதன்கிழமை, பாப்பாவுக்கு நாப்பத்தஞ்சாம் நாள் ஊசி, முதல் தடவையா வெளியே தூக்கிட்டுப் போறோம், துணிக்கடைக் கட்டைப்பையில போட்டா எல்லாம் அடியில போயிருது, ஈரத் துணிக்குத் தனியா ஒரு அறை இருக்கணும், உள்ள கிடக்கிறது கண்ணுக்குத் தெரியணும். இதுவரைக்கும் சரி, இதெல்லாம் எந்தப் பொம்பளையும் சொல்கிறதுதான். அதற்கப்புறம் எதற்கு அந்த ஒத்தைக் கை? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே மென்றுகொண்டு வந்தான். கண்டக்டர் சீட்டை நீட்டியபோது வலது கையால் வாங்கினான். இடது கை வழக்கம்போல் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. பத்து மாதமாக அதற்கு அதுதான் வீடு. டெய்லரிடம் சொல்லி இடது பாக்கெட்டை மட்டும் இரண்டு இஞ்ச் ஆழமாக வைத்துத் தைக்கச் சொன்னது யாருக்கும் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். துவைத்துப் போடுகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்பது பஸ் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நின்ற பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் இன்னும் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெயில்மேல் என்று வைத்துக்கொள்ளலாம், சித்திரை மாதம், காலை பதினோரு மணிக்கே தார் இளகிக் கிடந்தது.

பிள்ளைகள் சாமான் கடை மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் ஏ.சி. குளிர் வேர்வைச் சட்டையை முதுகோடு ஒட்டவைத்தது. பவுடர் வாசனை. வீட்டில் பாப்பா படுத்திருக்கிற மூலையிலும் இதே வாசனைதான், அந்த மூலைக்கு அவன் வாசனை மட்டும் பிடிக்கப் போவான். ஒரு சுவர் முழுக்கப் பைகளாகத் தொங்கின. ஒட்டகச்சிவிங்கி போட்டது, மேகம் போட்டது, ஆபீசுக்குக் கொண்டுபோகிற மாதிரி கறுப்பாக ஒன்று, முதுகில் மாட்டுகிறது, தோளில் போடுகிறது, பை முழுக்கப் பையாகச் சின்னச் சின்னப் பைகள். "வாங்க அண்ணாச்சி, டயாப்பர் பேக்கா? ஆண்பிள்ளையா, பெண்பிள்ளையா?" என்று ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், சேலையில் குத்தியிருந்த அட்டையில் ஜெபராணி என்று இருந்தது. பைக்கு எதற்கு ஆணும் பெண்ணும் என்று கேட்க நினைத்து, "பொம்பளைப் பிள்ளை" என்று மட்டும் சொன்னான். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சின்னத் துள்ளல். நாற்பத்து நாலு நாளாகியும் அந்த இரண்டு வார்த்தை அலுக்கவில்லை. ஜெபராணி பிங்க் நிறத்தில் ஒன்றை எடுத்தாள். அவன் அதைப் பார்த்த பார்வையில் அவளே திரும்ப மாட்டிவிட்டாள். "அவசரமில்ல, நீங்களே எடுத்துப் பாருங்க" என்று நகர்ந்து நின்றாள். அவனுக்கு அது பிடித்தது. சாமான் விஷயத்தில் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பதினோரு வருசம் கரண்டு போஸ்டில் ஏறி இறங்கியவன். போஸ்டில் நிற்கிறவனுக்குப் பைதான் பாதி வேலை செய்யும். கட்டிங் பிளேயர் எங்கே, டெஸ்ட் லாம்ப் எங்கே, இன்சுலேஷன் டேப் எங்கே என்று கண் தேடக்கூடாது, கை போகிற இடத்தில் சாமான் இருக்கவேண்டும். கண் மேலே கம்பியில் இருக்க, கை கீழே தானாகப் போய் எடுத்துவரவேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தச் சுவரில் தொங்குகிறதில் முக்கால்வாசி வெறும் சிங்காரம். பன்னிரண்டு அறை வைத்தவன் எந்த அறையில் எது என்று ஞாபகமா வைத்திருப்பான்? பிள்ளை வீறிட்டு அழும்போது பன்னிரண்டையும் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். உள் துணி கறுப்பாக இருக்கிற பைகளையும் கழித்தான், கறுப்புக்குள் கறுப்பு மூடி விழுந்தால் எப்படித் தெரியும். அடி தட்டையாக இல்லாததையும் கழித்தான், கீழே வைத்தால் சாய்ந்து உள்ளே இருக்கிற பிளாஸ்க் கொட்டும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, யாருக்காகப் பார்க்கிறோம் என்பதுகூட அவனுக்கு மறந்து, கொஞ்ச நேரம் மனசு லேசாக இருந்தது.

கறுப்புப் பை ஒன்றின் ஜிப்பை இழுத்தபோதுதான் மறுபடியும் முள் குத்தியது. ஜிப் வரவில்லை. பை முழுசும் கூடவே வந்தது. ஜிப் என்றால் ஒரு கை பிடிக்கவேண்டும், ஒரு கை இழுக்கவேண்டும். பிடிக்கிற கை பாக்கெட்டுக்குள் இருந்தது, வெளியே வந்தாலும் பிடிக்கிற கை அல்ல. சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை, மிச்ச மூன்றும் இருக்கின்றனவே தவிர பிடி இல்லை, ஒரு சில்வர் டம்ளரைக்கூட நம்பிக் கொடுக்கமுடியாது. போன ஆடி. காத்தென்றால் காத்து, தென்னை மட்டைகளாகக் கம்பிமேல் பறந்து விழுந்துகொண்டிருந்த வாரம். ஒரு தெருவில் மட்டையை எடுத்து அறுந்த கம்பியைக் கட்டவேண்டும், லைனை ஆஃப் பண்ணியாயிற்று, ஏணியில் காலை வைக்கும்போது போன் அடித்தது. மங்கை. ஐந்து வருசமாக எதிர்பார்த்துக் களைத்து, இனிமேல் அந்தப் பேச்சே வேண்டாம் என்று விட்டிருந்தவள், போனில் சொல்லாமல் அழுதாள், அழுகிற மாதிரியே சிரித்தாள், "சீக்கிரம் வாங்க" என்றாள். அவ்வளவுதான், இவனுக்குக் கால் தரையில் இல்லை. லைன் ஆஃப் ஆனாலும் எர்த் ராடு என்று ஒரு கம்பு உண்டு, கம்பியோடு சேர்த்து மண்ணில் இறக்கிவிட்டுத்தான் மேலே கை வைக்கவேண்டும், வேறு எங்கிருந்தாவது திருட்டுத்தனமாகக் கரண்டு வந்தாலும் அது மண்ணுக்குள் போய்விடும். ராடு ஜீப்பில் கிடந்தது. பத்தடி தூரம். அஞ்சு நிமிச வேலைக்கு எதற்கு என்று ஏறிவிட்டான். அடுத்த தெருவில் ஏதோ கல்யாண வீட்டில் யாரோ ஒரு புண்ணியவான் ஜெனரேட்டரை அப்படியே வீட்டு லைனில் கொடுத்து முடுக்கினது அவனுக்கு எப்படித் தெரியும். தெரியாது என்பதற்குத்தானே ராடு. இடுப்பு பெல்ட் தொங்கவிட்டுக் காப்பாற்றியது, உயிர் இருந்தது, கைதான் போனது. இப்போது பிரிவு ஆபீசில் போன் பக்கத்தில் உட்கார்ந்து, யார் வீட்டில் கரண்டு இல்லை என்று நோட்டில் எழுதுகிற வேலை. அதுகூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சித்தி ஒருத்தி, ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டு, "வயித்துல வந்த அன்னைக்கே அப்பன் கையை வாங்கிட்டே, இந்தப் பிள்ளை" என்று பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. மங்கை காதில் அது விழுந்தது. சித்தி, அது பிள்ளை வந்த நேரம் இல்லை, நான் ராடு மாட்டாத நேரம் என்று சொல்லியிருக்கவேண்டும். அன்று வாய் வரவில்லை. ஒரு மாதம் கழித்து மங்கையிடம் மட்டும் சொன்னான். அவள், "நான் போன் பண்ணினதாலதான்னு தினமும் நினைச்சுட்டிருந்தேன், அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றாள். அதில் திட்டும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. ஆனால் நாளைக்குப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்போது வேறொரு சித்தி அதன் காதில் போய் ஓதமாட்டாள் என்று என்ன நிச்சயம்.

ஓதட்டும், அதைக்கூட அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது, அதை ஆவுடையப்பன் யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை. அவன் பாப்பாவை இன்னும் தூக்கவில்லை. பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு பூத்துவாலையில் சுற்றி நீட்டினாள். "அப்பா வாங்கிக்கிடுங்க" என்றாள். இவன் இரண்டு கையையும் நீட்டினான். வலது கைக்கு மேல் ஒரு சூடு வந்து உட்கார்ந்தது, இட்லிச் சட்டியிலிருந்து எடுத்த ஈரத் துணி மாதிரியான ஒரு சூடு. இடது கைக்குத் துவாலையின் ஓரம் வந்தது. அந்த மூன்று விரல்களும் பிடித்திருக்கின்றன என்றுதான் நினைத்தான், கண்ணால் பார்த்தால்தான் தெரியும், தொடு உணர்ச்சிதான் செத்துப்போயிற்றே. துவாலை வழுக்கியது. மெதுவாக, யாரோ கீழே இருந்து இழுக்கிற மாதிரி, விரலுக்கு நடுவில் ஓடித் தரையில் விழுந்தது. துவாலை மட்டும்தான். பிள்ளை வலது கையில் பத்திரமாக இருந்தது, நர்ஸும் அந்தக் கணத்திலேயே அடியில் கை கொடுத்துவிட்டாள், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே வாங்கித் தொட்டிலில் போட்டாள். ஒன்றும் இல்லைதான். ஆனால் இவன் கண்ணுக்குள் அந்தத் துவாலை விழுந்துகொண்டே இருந்தது. சோறு பிசையும்போது விழும், ஆபீசில் போன் எடுக்கும்போது விழும், ஒவ்வொரு தடவையும் அதற்குள் ஒரு கனம் இருக்கும். அன்றிலிருந்து, பாப்பாவை வாங்கிக்கிடுங்க என்று மங்கை திரும்பும்போதெல்லாம் இவனுக்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. வெளியே போய்ட்டு வந்திருக்கேன். சளி பிடிச்ச மாதிரி இருக்கு. வேர்வையா இருக்கேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று, "இரு, கை கழுவல்ல." நாற்பத்து நாலு நாளில் இந்தக் கை கழுவாத மனிதன் கழுவின கழுவுக்குத் தாமிரபரணியே வற்றியிருக்கவேண்டும். மங்கை ஒரு நாளும் கேட்டதில்லை. சரி என்று அவளே தோளில் போட்டுக்கொண்டு தட்டிக்கொடுப்பாள். நாளைக்கும் அப்படித்தான், அவள் பிள்ளையைத் தூக்குவாள், இவன் பையைத் தூக்குவான். பை விழுந்தால் பை. அதனால்தான் பையை நல்லதாகப் பார்த்து வாங்கவேண்டும் என்று மெனக்கெட்டு ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். அதையும் ஒத்தைக் கைக்காரனுக்கு ஏற்ற மாதிரி வாங்கு என்றால் மனுசனுக்கு எப்படி இருக்கும்.

"அப்படிப் பாத்தா தெரியாது அண்ணாச்சி, பிள்ளையோட பாக்கணும்" என்று பக்கத்தில் குரல் கேட்டது. ஜெபராணி எதையோ அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். பூப்போட்ட துவாலையில் சுற்றிய ஒரு பொம்மை. கடையில் விற்கிற பொம்மை இல்லை, கையால் தைத்தது, கண்ணுக்கு இரண்டு பொத்தான், மூக்குக்கு ஒன்றுமில்லை. "நானே தச்சது, உள்ள நாலு கிலோ அரிசி. கழுத்துல மட்டும் கம்மியா அடைச்சிருக்கேன், தலை நிக்காது, நிசப் பிள்ளை மாதிரி. பை பாக்க வார எல்லாரும் இங்கன ரெண்டு கையால திறந்து பாத்துட்டு, சூப்பரா இருக்குன்னு வாங்கிட்டுப் போயிருவாங்க. மறுநாளே மாத்தித் தாங்கன்னு வந்து நிப்பாங்க, திறக்கவே வரல்லியாம். எப்படி வரும், ஒரு கையில பிள்ளை இருக்குல்லா." அவள் இதை ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்வாள் போல, மூச்சு வாங்காமல் ஒப்பித்தாள். "பிள்ளை வச்சிருக்க எல்லாருக்கும் ஒத்தைக் கைதான் அண்ணாச்சி. அந்த ஒத்தைக் கையால திறக்குதான்னுதான் பாக்கணும். பிடிங்க." பிடிங்க என்று நீட்டிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நீட்டிவிட்டாள். வலது கையில் கறுப்புப் பை இருந்தது. கை கழுவல்ல என்று ஒரு அரிசிப் பொம்மையிடம் சொல்லமுடியுமா. பாக்கெட்டிலிருந்து இடது கை, கூப்பிட்டால் வருகிற நாய்க்குட்டி மாதிரி, தயங்கி வெளியே வந்தது. ஜெபராணி கையைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி நடிக்கவும் இல்லை, ஐயோ என்று இழுக்கவும் இல்லை. பொம்மையின் தலையைக் கொஞ்சம் மேலே தள்ளி முழங்கை மடக்கில் வைத்து, உடம்பை முன்கை நீளத்துக்குச் சாய்த்து, "விரலால பிடிக்காதீங்க, யாருமே விரலால பிடிக்கக்கூடாது, பிள்ளைக்கு வலிக்கும். மடக்குல தலை, விலாவோட உடம்பு. அவ்வளவுதான்" என்றாள். பிறகு இன்னொரு வாடிக்கையாளர் கூப்பிட, தொட்டில் கொசுவலை இருக்கிற பக்கம் போய்விட்டாள்.

அவ்வளவுதானா. ஆவுடையப்பன் அசையாமல் நின்றான். நாலு கிலோ கனம் முழங்கை மடக்கில் இறங்கி உட்கார்ந்தது. அந்த இடத்தில் உணர்ச்சி இருந்தது. கரண்டு மணிக்கட்டுக்கு மேலே ரெண்டு இஞ்சோடு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது, பத்து மாதமாக அவன் கை முழுசையும் அல்லவா பாக்கெட்டில் போட்டு வைத்திருந்தான். துவாலையின் சொரசொரப்புத் தெரிந்தது, அரிசி உள்ளுக்குள் நகர்ந்து படிவது தெரிந்தது. தலை ஒரு பக்கம் சாய, மடக்கு தானாக ஒரு சுற்றுக் குறுகி அதை ஏந்தியது. யார் சொல்லிக் குறுகியது? அப்போது அவனுக்குப் போஸ்ட் ஞாபகம் வந்தது. இத்தனை நாளாக அந்த வேலையை நினைத்தாலே கம்பிதான் ஞாபகம் வரும், அந்த வெள்ளை வெளிச்சம்தான் வரும், இன்றைக்கு வந்தது கம்பி இல்லை, போஸ்ட். மேலே நிற்கிறவன் விரலாலா பிடித்திருக்கிறான்? விரல் பிளேயரைப் பிடித்திருக்கும். ஆளைப் பிடித்திருப்பது பெல்ட்டும் இந்த முழங்கை மடக்கும்தான். இடது கையை அப்படியே போஸ்டைச் சுற்றிப் போட்டு, மடக்கில் இறுக்கி, வலது கையால் வேலை பார்ப்பான். பதினோரு வருசம். அந்த மடக்கு ஒரு நாளும் அவனைக் கீழே விட்டதில்லை, கரண்டு அடித்த அன்றைக்குக்கூட விட்டதில்லை, இறக்கும்போது இந்தக் கையைப் போஸ்டிலிருந்து பிரித்தெடுக்கத்தான் பாடுபட்டார்கள் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை ஏதோ கோரமான சங்கதி என்று காது கொடுக்காமல் இருந்தான். இப்போது கேட்டால் அது வேறு மாதிரி இருக்கிறது. விடாத கை. விட்டது விரல்தான், மடக்கு விடவில்லை. அவனுக்குக் கண் கலங்கியது, ஏ.சி. காற்று என்று சொல்லிக்கொண்டான். சரி, பார்ப்போம் என்று வலது கையால் அடுத்த பையை எடுத்தான். மேகம் போட்ட பை, காந்தப் பொத்தான், படக்கென்று திறந்தது, ஆனால் படக்கென்று தானாகவும் மூடிக்கொண்டது, கையை உள்ளே விட்டால் கடிக்கிற மாதிரி. கழித்தான். முதுகுப் பை, அதைத் திறக்க முதலில் முதுகிலிருந்து இறக்கவேண்டும், இறக்க இன்னொரு ஆள் வேண்டும். கழித்தான். நாலாவதோ ஐந்தாவதோ ஒரு சாம்பல் நிறப் பை, படம் ஒன்றும் கிடையாது, யாரும் எடுக்காமல் ஓரத்தில் தொங்கியது. தோளில் மாட்டினான். ஜிப்பின் நுனியில் விரல் நுழைகிற மாதிரி ஒரு வளையம் இருந்தது, இழுத்தால் பையின் கனமே எதிர்ப்பக்கம் பிடித்துக்கொடுத்தது, ஒரே இழுப்பில் வாய் திறந்தது. வாயின் ஓரத்தில் கம்பி கொடுத்திருந்தார்கள், திறந்தது திறந்தபடி நின்றது. உள்ளே மஞ்சள் துணி, கிணற்றுக்குள் வெயில் விழுந்த மாதிரி எல்லாம் தெரிந்தது. வெளிப்பக்கம் ஒரு அறை, கை தொங்கவிட்டால் போய் நிற்கிற இடத்தில். அங்கே துடைக்கிற துணி. இங்கே மாற்றுத் துணி மூன்று. இந்த ரப்பர் அறையில் ஈரத் துணி. பிளாஸ்க் நிற்க ஒரு வார். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை செய்து பார்த்தான், கை தானாகப் போய்த் தானாக வந்தது. நாளைக்கு ஊசி போட்டதும் பாப்பா வீறிடும், அப்போது கண் அவள் முகத்தில் இருக்கவேண்டும், கை மட்டும் இப்படிப் போய் எடுத்துவரவேண்டும். இதை அவன் நினைத்தபோது, யார் கண், யார் கை என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நினைப்பு தன்பாட்டில் ஓடியது. அடுத்த வருசம் இந்தப் பையில் பிஸ்கட் இருக்கும், அதற்கடுத்த வருசம் ஒரு செருப்பு, அப்புறம் பையை அவளே தோளில் போட்டுக்கொண்டு தரையில் இழுத்து நடப்பாள், இவன் பின்னால் போவான்.

பில் போடுகிற இடத்தில் ஆறேழு பேர் நின்றார்கள். கடைசியில் போய் நின்றதும், முன்னால் நின்ற பருமனான ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள், பார்த்ததும் ஒதுங்கி, "நீங்க முன்னால போங்க தம்பி" என்றாள். அவளுக்கு முன்னால் நின்றவரும் ஒதுங்கினார். ஒருத்தர் சொன்னால் போதுமே, வரிசை மொத்தமும் வழிவிட்டது. ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. கையைப் பார்த்திருக்கிறார்கள். இதுதான், இதனால்தான் அவன் கடைகண்ணிக்கு வருவதில்லை, வந்தாலும் பாக்கெட்டை விட்டு எடுப்பதில்லை. பரவாயில்ல, நான் நிக்கேன் என்று சொல்லிப் பார்த்தான். "இந்தக் குளிருல எதுக்கு நிக்கணும், போங்க" என்று அந்த அம்மாள் கிட்டத்தட்ட தள்ளியே விட்டாள். கை போனவனுக்கு மட்டும் தனியாகக் குளிருமா என்ன, ஒன்றும் புரியவில்லை. பணத்தைக் கொடுத்துப் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். வாசலில் ஒருத்தர் தன் மகனை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மாடிப்படியில் ஏறி வந்த இரண்டு பெண்கள் சுவரோடு ஒட்டி நின்று, பார்த்து இறங்குங்க அண்ணே என்றார்கள். பாளையங்கோட்டையில் இன்றைக்கு எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிப்போனது அவனுக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. ஆனால் எரிச்சல் நெடுநேரம் நிற்கவில்லை. பை தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. நல்ல சாமான் வாங்கின மனுசனுக்கு வருகிற ஒரு தெம்பு நடையில் வந்திருந்தது.

பஸ் ஸ்டாப்பில் வேப்பமர நிழல் இருந்தது. வெயிலில் நடந்தவன் அந்த நிழலின் உள்பக்கமாகப் போய் நின்றான், ஏன் அவ்வளவு உள்ளே என்று தோன்றவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கட்டைவிரலாலேயே மங்கையைக் கூப்பிட்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். "வாங்கிட்டேன்" என்றான். அவள் நிறம் கேட்டாள். சாம்பல் என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, அழுக்குத் தெரியாது, நல்லதுதான் என்றாள். "நான் சொன்னனே, ஒத்தைக் கையால திறக்குதா?" அந்த வார்த்தை மறுபடியும் வந்தது. ஆனால் குத்தவில்லை, எங்கேயோ கரைந்துபோயிருந்தது. "திறக்குது. ஒரே இழுப்பு. நீ பிள்ளையை வச்சுக்கிட்டே எல்லாம் எடுக்கலாம்" என்றான்.  மங்கைக்குப் பின்னால் பாப்பா முனகுகிற சத்தம் கேட்டது, அதற்கு அவன் கை தன்னையறியாமல் லேசாக ஆடியது, இடமும் வலமும், தாலாட்டுகிற ஆட்டம். "நான் எனக்குச் சொல்லல்ல" என்று மங்கை மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு ஆஸ்பத்திரியில சீட்டு எழுத நான்தான் போகணும், எடை போடுத இடத்துல அட்டையைக் காட்டணும், அம்மா கையெழுத்து கேப்பாங்க. அந்நேரம் பாப்பா யார்கிட்ட இருப்பா? அதுக்குத்தான் சொன்னேன்." அவள் சொல்லி முடிக்கும்போதே தெருவில் செருப்புச் சத்தம் தடதடவென்று வந்தது. ஜெபராணி. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெயிலில் ஓடி வந்திருந்தாள், மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. "அண்ணாச்சி, எங்க பிள்ளையைக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தான். முழங்கை மடக்கில் தலை, விலாவோடு உடம்பு, பூப்போட்ட துவாலை கழுத்துவரை சுற்றியபடியே இருந்தது. பொத்தான் கண் இரண்டும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வரிசை, கண்ணாடிக் கதவு, மாடிப்படி, ரோட்டைக் கடந்தது, வெயில், பஸ்களின் ஹாரன், அத்தனைக்கும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. துவாலை ஒரு இஞ்ச்கூட நழுவவில்லை. அந்த அம்மாள் ஏன் வழிவிட்டாள் என்பது இப்போது புரிந்தது. கதவைப் பிடித்தவர் கையையே பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்திருக்கிறார். அவனுக்கு முதலில் வெட்கம் வந்தது, அதை முந்திக்கொண்டு ஒரு சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இந்தத் தடவை ஏ.சி. மேல் பழி போடவும் வழியில்லை. "மறந்தே போச்சும்மா" என்றான். "பாரம் தெரிஞ்சாத்தான ஞாபகம் வரும்" என்று சொல்லிக்கொண்டே ஜெபராணி பொம்மையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அவள் எடுத்த பிறகும் மடக்கு கொஞ்ச நேரம் விரியவில்லை, சூடு மட்டும் மிச்சம் இருந்தது. போனுக்குள் மங்கை, "யாரு பிள்ளை, என்ன நடக்கு அங்க, ஏங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்து சொல்லுதேன்" என்றான். பிறகு, "மங்கை, நாளைக்குப் பையை நீ தூக்கிக்கோ" என்றான்.  போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னான், "நான் பாப்பாவை வச்சுக்கிடுதேன். இன்னைக்கே வச்சுப் பாக்கேன், வந்ததும்." மங்கை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஆனால் பேசும்போது குரல் துவரம்பருப்பு வாங்கிட்டு வாங்க என்கிற அதே குரலாகத்தான் இருந்தது.

"சரி, வாங்க. வாசல்லயே ஒரு வாளி தண்ணியும் சோப்பும் எடுத்து வைக்கேன். கையைக் கழுவிட்டே உள்ள வாங்க."